ஐந்து கட்டைக்குச் சற்று மேலே

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய அந்த அரசு நடுநிலைப் பள்ளியில் பாட்டு வகுப்புக்கென்று தனி அறை கிடையாது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். சுற்றுச்சுவருக்கு அப்பால் இரும்புக் கம்பி ஏற்றிய லாரிகள் ஓயாமல் போய்க்கொண்டிருந்தன. ஆசிரியையின் துணிப்பையில் சுருதிப் பெட்டி இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

“கண்ணை மூடிக்கங்க. லாரியை விட்டுடுங்க, அது போயிடும். போகாம ஒண்ணு நிக்குது பாருங்க, அதைப் பிடிங்க.”

போகாமல் நின்றது, சுவரோரத்து டிரான்ஸ்பார்மரின் ரீங்காரம். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை உள்ளிருக்கும் இரும்புத் தகடுகள் மயிரிழை அளவு நீண்டு சுருங்குவதால், நொடிக்கு 100 அதிர்வு. கர்நாடக இசைக் கணக்கில் அது கீழ் ஸ்தாயியில் ஐந்து கட்டைக்குச் சற்று மேலே. பெண்கள் வழக்கமாகப் பாடுகிற சுருதியும் ஐந்து, ஐந்தரைதானே. அடுத்த ஸ்தாயியில் அதே ‘ஸ’வைப் பிடித்தால் பிள்ளைகளின் குரலுக்கு வாகாக உட்கார்ந்துவிடுகிறது. முதலில் நாலைந்து குரல்கள் தடவித் தடவி வந்தன. பிறகு மரத்தடி முழுக்க ஒரே ஸ்வரம் நின்றது. லாரிச் சத்தம் காதில் விழாமல் போன அந்தச் சில நொடிகளை என்னால் மறக்க முடியவில்லை.

சரளி வரிசை தொடங்கியது. புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் இந்தப் பாடங்கள் மாயாமாளவகௌளையில் அமைந்தவை. முத்துசுவாமி தீட்சிதர் திருத்தணி மலையில் பாடிய முதல் கீர்த்தனையும் அதே ராகம். “படியேறிச் சாமி கும்பிட்டிருக்கீங்கல்ல, அந்த மலைதான்” என்று ஆசிரியை சொன்னதும் இரண்டு பெண்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அவர் தினமும் திருவொற்றியூரில் மின்சார ரயில் ஏறி வருகிறார். 2012இல் தமிழக அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, இசை, தையல் போன்றவற்றைக் கற்பிக்க 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்டார்கள். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. அவர்களில் இவரும் ஒருவர். ஊதியம் பிறகு சிறிது சிறிதாக உயர்ந்தது. பணிநிரந்தரக் கோரிக்கை மட்டும் அப்படியே இருக்கிறது. மற்ற நாள்களிலும் இவர் வருகிறார். மூன்று அரை நாளில் காது பழகாது என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்குக்கு உரிய மதிப்பு இன்னும் கிடைக்கவில்லை என்றே எனக்குத் தோன்றியது.

பிடித்த கச்சேரி எது என்று கேட்டேன். எம்.டி. ராமநாதன் பாடிய எதுவானாலும் சரி என்றார். போன வருஷம் அவருடைய பதிவு ஒன்றைக் கைப்பேசியில் வகுப்புக்குப் போட்டிருக்கிறார். அத்தனை தாழ்ந்த சுருதி, அத்தனை நிதானம். பிள்ளைகள் சிரித்தார்கள். நடுவில் ஒரு பையன் எழுந்து, “மிஸ், இவர் டிரான்ஸ்பார்மர் மாதிரியே பாடறாரு” என்றானாம். “இருபது வருஷமா அவரைக் கேக்கறேன், இவ்வளவு சரியா யாரும் சொல்லல” என்று சொல்லும்போது ஆசிரியையின் முகம் மலர்ந்திருந்தது.

ராமநாதனின் குரு டைகர் வரதாச்சாரியார். திருவொற்றியூர் காலடிப்பேட்டைக்காரர். இழைகிற குரல் அவருக்கு இல்லை. கற்பனை வளத்தால் சபையைக் கட்டிப்போட்டவர். 1931இல் சென்னை மியூசிக் அகாடமி இசை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கியபோது அதன் முதல் முதல்வர் அவர்தான். பாட்டு வாத்தியார்களுக்கு வாத்தியார். 2018 வரை திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்த அவருடைய ஊர், இந்த ரயில் பாதையிலேயே இருக்கிறது.

பக்கத்து மணலி இன்று எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையால் அறியப்படுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் மணலி முத்துகிருஷ்ண முதலியார், முத்துசுவாமி தீட்சிதரின் தந்தை ராமசுவாமி தீட்சிதர் குடும்பத்தை ஆதரித்தார். இளைய மகன் பாலுசுவாமி ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றது அந்த ஆதரவில்தான். சென்னைக் கோட்டையின் பேண்டு இசையைக் கேட்ட முத்துசுவாமி, அந்த மெட்டுகளுக்கு சம்ஸ்கிருதத்தில் வரிகள் அமைத்தார், அவையே நோட்டுஸ்வரங்கள். பிரிட்டிஷ் அரச வாழ்த்துப் பாட்டின் மெட்டுக்குக்கூட அவர் சாகித்யம் உண்டு.

இந்த வகுப்புக்கு நோட்டுஸ்வரத்தைவிடப் பொருத்தமான பாட்டு அமையாது. செங்கல் சூளைக்கு வந்த ஒடிசாக் குடும்பத்துப் பிள்ளை, பீகார்த் தொழிலாளியின் மகன், அகதி முகாமில் பிறந்த ஈழத்துச் சிறுமி, ஆரம்பாக்கம் பக்கத்துத் தெலுங்குப் பையன் எல்லோரும் ஒரே பாயில் உட்கார்கிறார்கள். சம்ஸ்கிருதம் இவர்களில் யாருக்கும் வீட்டு மொழி இல்லை. ஆகவே யாரும் பின்தங்கித் தொடங்குவதில்லை. ஒடியா பேசும் சிறுமி ஜூன் மாதம் முழுக்க வாய் திறக்கவில்லையாம். முதல் நோட்டுஸ்வரம் வந்த அன்றுதான் அவள் குரல் எப்படி இருக்கும் என்று வகுப்புக்குத் தெரிந்தது. இப்போது அவள்தான் எடுத்துக்கொடுக்கிறாள்.

வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கையில் மின்சாரம் நின்றது. டிரான்ஸ்பார்மர் அடங்கிவிட்டது. பிள்ளைகள் ‘ஸ’வை விடவில்லை. ஆசிரியை மெல்லப் பையிலிருந்து சுருதிப் பெட்டியை எடுத்துக் காதருகே வைத்துக்கொண்டார். கொஞ்சம் இறங்கியிருந்தது.

“பரவாயில்ல. மூச்சு வாங்கிட்டு இன்னொரு தடவை” என்றார்.