பூவரசுக் கட்டை

சேஸிஸ் சட்டத்தைச் சுத்தியலால் தட்டத் தட்ட, துருவோடு நெல்லும் கொட்டியது. அரைப்படி தேறும். கருத்து, மக்கி, விரலால் தேய்த்தால் மாவாகிற நெல். களத்துக் கொட்டகையில் வண்டி சும்மா நின்ற காலத்தில் எலிகள் சேர்த்துவைத்தது. டிங்கர் பாய் ஒரு கை அள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "குறுவையா சம்பாவா, ஒண்ணும் தெரியலை" என்று சொல்லிவிட்டு, மறுபடி சட்டத்தின் அடியில் தலையை நுழைத்துக்கொண்டார்.

நன்னிலத்திலிருந்து சன்னாநல்லூர் போகும் சாலையை ஒட்டி இருக்கிறது அந்தப் பட்டறை. மேலே தகரம், மூன்று பக்கமும் திறப்பு. வாசலில் கழற்றிப்போட்ட ரொட்டவேட்டர், அறுவடை மெஷினின் ரப்பர் செயின், டிரெய்லர் ஆக்சில். உள்ளே, நான்கு முட்டுக்கட்டைகள் மேல் சக்கரமில்லாமல் நிற்கிறது ஒரு வில்லிஸ் எம்.பி. ஜீப். இரண்டாம் உலகப்போருக்கென்று செய்த வண்டி. போர் முடிந்த பிறகு எத்தனையோ கை மாறி, இந்தப் பக்கத்துப் பண்ணை வீடு ஒன்றுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அந்த வீட்டை விற்றபோது காயலான் கடைக்கு எடைக்குப் போக இருந்ததை, தெருவே 'மிலிட்டரி மாமா' என்று கூப்பிடுகிற ஓய்வுபெற்ற ஹவில்தார் மறித்து வாங்கிவிட்டார்.

மாமா ராணுவத்தில் இ.எம்.இ. பிரிவில் இருந்தவர். வண்டி, பீரங்கி எல்லாவற்றையும் பழுது பார்க்கிற பிரிவு அது. சக்திமான் லாரி, ஜோங்கா என்று ஜபல்பூரில் தயாரான வண்டிகளில்தான் அவர் கை பழகியது. வில்லிஸை அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் படையில் தேட வேண்டியிருந்ததாம். "எங்களுக்கு அது பாட்டன் வண்டி. அப்துல் ஹமீது உட்கார்ந்து சுட்டது ஜீப்புலதானே தம்பி?" என்றார். 1965 செப்டம்பரில் கேம்கரண் பகுதியில், ஜீப்பில் பொருத்திய பின்னதிர்வில்லாத் துப்பாக்கியால் பாட்டன் டாங்குகளை அடுத்தடுத்து உடைத்து, அங்கேயே உயிர்விட்டு, பரம்வீர் சக்ரா பெற்றவர் ஹவில்தார் அப்துல் ஹமீது. மாமா இதைச் சொல்லும்போது துடைத்துக்கொண்டிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

இந்த ஜீப் வேலைக்குக் காவிரிதான் காலண்டர். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்துவிட்டால் உழவு, நடவு, பிறகு அறுப்பு என்று டிராக்டரும் மெஷினும் வரிசையில் நிற்கும். தாளடி அறுத்து முடிகிறவரை ஜீப்பை யாரும் தொட மாட்டார்கள். மாசி பிறந்தால் கை ஓயும். அப்போதிலிருந்து வைகாசிவரைதான் இது நடக்கிறது. நான் போனது சித்திரையில். மூன்றாவது கோடை இது என்றார்கள்.

ஜீப் பிறந்த கதையே அவசரத்தின் கதை. 1940-இல் அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்கு எழுதி, 49 நாளில் மாதிரி வண்டி வேண்டும் என்றது. சொன்ன நாளில் கொண்டுவந்து நிறுத்தியது பேண்டம் என்ற சின்ன கம்பெனி. ஆனால் பெரிய ஆர்டர் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போனது. இரண்டும் சேர்ந்து போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கு மேல் செய்து தள்ளின. நம் ஊரில் 1947-இல் மஹிந்திரா பம்பாயில் ஜீப் பூட்ட ஆரம்பித்தது. தஞ்சாவூர் ஜில்லாவில் 1960-இல் 'பேக்கேஜ் திட்டம்' வந்தபோது, உரமும் விதையும் சொல்லிக்கொண்டு வரப்போரம் வந்து நின்றது ஜீப்தான். என் சித்தப்பா விவசாய இலாகாவில் ஜீப் ஓட்டினார். ஆடுதுறை 27 நாற்று பார்க்க ஆபீசர் இறங்கிப்போனால், நாங்கள் பிள்ளைகள் பானட்டைத் தொட்டுச் சூடு பார்ப்போம். அதனால்தான், ஒரு பழைய ஜீப் நன்னிலத்தில் எழுந்திருக்கிறது என்றதும் பஸ் ஏறிவிட்டேன்.

"எம்.பி.ன்னு எப்படி முடிவு பண்ணினீங்க?" என்று கேட்டேன். மாமா என்னை முன்பக்கம் குனியவைத்தார். ரேடியேட்டருக்கு அடியில் இரண்டு சட்டத்தையும் இணைக்கிற குறுக்குக் கம்பி உருண்டைக் குழாயாக இருந்தது. "குழாய்னா வில்லிஸ். தகட்டை மடிச்சுப் பெட்டி மாதிரி இருந்தா ஃபோர்டு." பிறகு ஒரு போல்ட்டை மண்ணெண்ணெயில் கழுவி என் உள்ளங்கையில் வைத்தார். தலையில் சின்னதாக ஆங்கில 'எஃப்' எழுத்து. ஃபோர்டு தன் போல்ட்டில்கூடத் தன் எழுத்தை அடித்தது. வில்லிஸ் சட்டத்தில் ஃபோர்டு போல்ட் எப்படி? ராணுவப் பட்டறையில் பத்து வண்டியைப் பிரித்தால், எந்த உருப்படி எதிலிருந்து வந்தது என்று யாரும் பார்ப்பதில்லை, எது நன்றாக இருக்கிறதோ அது ஏறும் என்றார். ஒன்றுக்கொன்று பொருந்தும்படியே இரண்டு கம்பெனியும் செய்தன. ஆக, இது சண்டையில் இருந்தபோதே கலப்பு வண்டி.

இந்த போல்ட்டை நான் நினைவில் வைத்துக்கொண்டதற்குக் காரணம், அன்று மத்தியானம் நடந்த வாக்குவாதம். டிரைவர் கால் வைக்கிற இடத்தில் தரைத்தகடு எப்போதோ இற்றுப்போயிருக்கிறது. யாரோ ஒருவர், ரைஸ் மில்லில் நெல் சலிக்கிற துளைத் தகட்டை வெட்டி, ரிவெட் அடித்து ஒட்டுப் போட்டிருக்கிறார். ரிவெட்டுகளுக்கு நடுவே இடைவெளி நூல் பிடித்ததுபோல் ஒரே சீர். வெல்டிங் வைத்திருந்தால் அந்த மெல்லிய தகடு பொத்துப்போயிருக்கும் என்பது போட்டவருக்குத் தெரிந்திருக்கிறது. சேற்றுக்காலோடு ஏறினாலும் தண்ணீர் வடியும், கால் வழுக்காது.

"இதை எடுத்துட்டு அசல் மாதிரி தகடு அடிச்சுடு பாய்" என்றார் மாமா.

"அண்ணே, இதுவும் அசல்தான். இங்கத்த அசல். யாரோ ஒரு மேஸ்திரி உட்கார்ந்து யோசிச்சுப் போட்டது."

எனக்குப் பாய் சொன்னதே சரியென்று பட்டது, சொல்லவும் சொன்னேன். 1940-களின் அமெரிக்கத் தகடு இன்னும் எங்கெங்கோ இருக்கிறது. நன்னிலத்து மில் தகட்டில் ஒட்டுப்போட்ட ஜீப் இது ஒன்றுதான். மாமா பதில் சொல்லவில்லை. பாய் சாக்குக்கட்டியால் அந்த ஒட்டைச் சுற்றிக் கோடு போட்டு, 'பொறு' என்று எழுதிவைத்தார்.

ஆனால் எல்லா மாற்றத்தையும் இப்படி ஏற்க என்னால் முடியாது. இந்த மாதிரி வண்டிகளில் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றி எறிந்துவிட்டு டீசல் வைப்பது நாடெங்கும் நடக்கிறது. ஜோங்காவின் ஆறு சிலிண்டர் இன்ஜின் பெட்ரோலைக் குடிக்கும் என்பதால் பல ஜோங்காக்கள் இப்போது வேறு குரலில் ஓடுகின்றன. தினம் சந்தைக்குப் போகிறவர் செய்தால் புரிகிறது. ஆசைக்கு வைத்திருப்பவர் செய்யக்கூடாது. இந்த வில்லிஸின் இன்ஜினைப் பட்டறையின் இளைய மெக்கானிக் தம்பி திறந்து காட்டினார். 2.2 லிட்டர், 60 குதிரைச்சக்தி. வால்வுகள் ஹெட்டில் இல்லை, பிளாக்கிலேயே சிலிண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. ஹெட் என்பது ஒரு மூடி, அவ்வளவுதான். கம்ப்ரஷன் குறைவு, பேட்டரி படுத்துவிட்டால் முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றிக் கிளப்பலாம். தம்பி பிறந்தபோது ஹேண்டில் போடுகிற கார் இந்த ஊரில் இருந்திருக்காது. "ஆனா மாமா, நம்ம ஆயில் இன்ஜின் பம்ப்செட்டை இப்படித்தானே சுத்துவோம்?" என்கிறார். சிலிண்டருக்கு சிலீவ் போட்டுக் கும்பகோணத்தில் போர் அடித்தாகிவிட்டது. பேக்கிங் மட்டும் தாமிரத் தகட்டில் கையால் வெட்ட வேண்டும். மற்ற சாமானுக்குச் சென்னைப் புதுப்பேட்டைவரை போய்த் தேடியிருக்கிறார்கள்.

ஹெட்லைட்டைக் கவனித்தீர்களா என்று தம்பி கேட்டு, ஒரு திருகைத் தளர்த்தி, விளக்கை அப்படியே பின்பக்கம் திருப்பினார். சாலையைப் பார்க்க வேண்டிய விளக்கு இன்ஜினைப் பார்த்தது. இருட்டில், வழியில் நின்றுபோனால், வேலை செய்கிறவன் கைக்கு வெளிச்சம் வேண்டும் என்று 80 வருஷத்துக்கு முன்பே ஒருவர் நினைத்திருக்கிறார். இன்றைய வண்டிகளில் இந்த நினைப்பு எங்கே போனது?

காகிதத்தையும் மாமா பார்த்து வைத்திருக்கிறார். 50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு மத்திய அரசு 2021-இல் தனி விதி கொண்டுவந்தது. 'வி.ஏ.' என்ற எழுத்தோடு நம்பர், புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். கண்காட்சி, பழைய வண்டிகளின் ஊர்வலம் போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் இறக்கலாம். "போதும். தினமும் ஓட்டி நான் எங்கே போகப்போறேன்?" என்றார்.

சாயங்காலம் ஆசாரி வந்தார். ஜீப்பின் தரைக்கு அடியில், நீளவாக்கில் தொப்பி மாதிரி மடித்த இரண்டு தகட்டுக் குழல்கள் உண்டு. அவற்றுக்குள் மரம் வைத்துத்தான் தொழிற்சாலையிலிருந்தே வண்டி வந்தது. அந்த மரம் ஈரத்தைக் குடித்துக் குடித்து, உள்ளிருந்தே தகட்டைத் தின்றுவிடும், எம்.பி. ஜீப்புகளின் பெரிய சீக்கே இதுதான். பாய் குழல்களைப் புதிதாக மடித்து, உள்ளே ரெட் ஆக்சைடு இரண்டு கை பூசிக் காயவைத்திருந்தார். மரம் என்ன போடுவது என்று தேக்கு, வேம்பு எல்லாம் பேசி, கடைசியில் பூவரசில் நின்றது. தண்ணீரில் கிடந்தாலும் தாங்குகிற மரம். ஆசாரி வீட்டுக் கொல்லையில் விழுந்த பழைய பூவரசு, அறுத்து இரண்டு வருஷம் நிழலில் ஆறியது.

அளவு நாடாவை அவர் ஒரு தடவைதான் வைத்தார். பிறகு கட்டையைக் குழலில் வைப்பது, எடுப்பது, ஒரு சீவு, மறுபடி வைப்பது. போல்ட் போகும் துளைகளுக்குள்ளும் குச்சியில் பஞ்சு சுற்றித் தாரைத் தடவினார். "இதெல்லாம் மேலே தெரியுமா?" என்று கேட்டார். மூடினால் யாருக்கும் தெரியாது என்றார் பாய். ஆசாரி தலையாட்டிவிட்டு, கட்டையைத் திருப்பி, ஓரத்தில் இன்னொரு சீவு எடுத்தார். மஞ்சளும் கருஞ்சிவப்புமாகச் சுருள் விழுந்தது.

கொட்டாப்புளியால் ஆறேழு தட்டு. கட்டை உள்ளே போய் நின்றது. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று தம்பி என்னை பைக்கில் ஏற்றிக்கொண்டபோது, இரண்டாவது குழலுக்குக் கட்டை இன்னும் பாக்கி இருந்தது.