அம்புக்குப் பிறகு நாற்பது நிமிடம்

என் தங்கையின் கணவர் அமெரிக்காவில் வில் வாங்கிவிட்டார் என்ற செய்தியை உம்மாதான் எனக்கு முதலில் சொன்னா. "கடையில இறைச்சி இல்லாத ஊரா அது? மருமகன் ஏன் காட்டுக்குப் போறார்?" என்பது உம்மாவின் கவலை. கடையில் இறைச்சி இருந்தது. ஹலால் இறைச்சிதான் இல்லை. ஒரிகன் மாநிலத்தின் கரையோர மலைத்தொடரை ஒட்டிய அந்தச் சிற்றூரிலிருந்து ஹலால் கடைக்குப் போக ஒன்றரை மணித்தியாலம் வாகனம் ஓட்ட வேண்டும். வீட்டுக்குப் பின்னால் இருந்த காட்டிலோ எல்க் மான்கள் கூட்டம் கூட்டமாகத் திரிந்தன.

எல்க் என்ற சொல் நமக்கும் புதியதல்ல. இலங்கையை ஆண்ட வெள்ளையர் நமது மரையைத்தான் எல்க் என்று அழைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நுவரெலியாவில் குடியிருந்த சாமுவேல் பேக்கர், மரைகளை நாய்களை விட்டுத் துரத்திக் கத்தியால் குத்திக் கொன்றதைப் பெருமையாக எழுதி வைத்திருக்கிறார். அந்தப் புத்தகத்தில் எல்க் என்று வருவதெல்லாம் மரைதான். அமெரிக்க எல்க் வேறு. ஒரிகன் கரையோரத்தில் வாழ்வது ரூஸ்வெல்ட் எல்க். வளர்ந்த ஆண் 400 கிலோவைத் தாண்டும். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்டின் பெயர் கொண்ட இந்த இனத்தைக் காப்பதற்காகவே, அவர் 1909இல் வொஷிங்டன் மாநிலத்து ஒலிம்பிக் மலைகளில் ஒரு பெரும் நிலப்பரப்பை ஒதுக்கினார்.

2018 செப்டெம்பரில் நான் தங்கையிடம் போயிருந்தேன். மச்சான் என்னையும் காட்டுக்கு அழைத்தார். என் கையில் வில் இல்லை. வாய் மட்டும் இருந்தது. வந்த வினையெல்லாம் அந்த வாயால்தான் வந்தது.

சையூஸ்லா தேசிய வனம் என்பது அந்தக் காட்டின் பெயர். வருடத்தில் 2000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் மலைகள். டக்ளஸ் ஃபிர் மரங்கள் வானத்தை மறைத்து நிற்க, கீழே இடுப்பளவு பன்னமும் பிளக்பெரி முள்ளும் கொடி மேப்பிளும் பின்னிக் கிடந்தன. சரிவுகளில் சில இடங்களில் நின்றபடியே கையை நீட்டினால் முன்னாலுள்ள மண்ணைத் தொடலாம். பத்து அடிக்கு அப்பால் என்ன நிற்கிறதென்று தெரியாது. இப்படிப்பட்ட இடத்தில் வில்லோடு போவது பைத்தியக்காரத்தனமென்று நினைத்தேன். இரண்டு நாட்களில் அந்த எண்ணம் மாறியது. தூரப் பார்வையே இல்லாத இடத்தில் துப்பாக்கியின் தூரத்துக்கு என்ன மதிப்பு?

அவரது வில் நமது சித்திரங்களில் வரும் வில் போன்றதல்ல. இரு முனைகளிலும் கப்பிகள் பூட்டியது. எல்க் வேட்டைக்கு வில்லின் இழுவிசை ஆகக் குறைந்தது 50 இறாத்தல் இருக்க வேண்டுமென்பது ஒரிகன் சட்டம். அம்பின் தலையில் சவர அலகு போன்ற தகடுகள். குண்டு அடித்து விழுத்தும். அம்பு அறுக்கும். அறுபட்ட மிருகம் இரத்தம் வடிந்துதான் இறக்கும். "அதனாலதான் மச்சான் எனக்கு இது பிடிச்சது. இதுவும் ஒரு அறுப்புத்தானே" என்றார்.

அவர் வில் வாங்குவதற்கு முன் ஆறு மாதம் வேட்டை பற்றிய சட்டங்களைப் படித்திருக்கிறார். மாநிலத்தின் சட்டத்தையும் மார்க்கத்தின் சட்டத்தையும்தான். முதலாவதற்கு அனுமதிச் சீட்டு வாங்கினார். இரண்டாவதற்கு அதீ இப்னு ஹாத்திம் (ரழி) அவர்களின் ஹதீஸ்களை மனனமிட்டார். கொடைக்குப் பேர்போன ஹாத்திமின் மகன் அதீ. வேட்டைக்காரர். வேட்டை பற்றி நபிகளாரிடம் (ஸல்) கேட்டுக் கேட்டுத் தெளிந்தவர்.

மூன்றாம் நாள் அஸர் தொழுதுவிட்டு ஒரு சரிவின் இடுப்பில் உட்கார்ந்தோம். மாலையானால் மலைக்காற்று குளிர்ந்து பள்ளத்தை நோக்கி இறங்கும். ஆகவே மிருகத்துக்குக் கீழே இருக்க வேண்டும். மனித வாடை ஒருமுறை பட்டால் அது மலை தாண்டிவிடும். மச்சான் வாயில் ஒரு சிறு கருவியை வைத்துப் பெண் எல்க்கைப் போல முனகினார். மேலேயிருந்து பதில் வந்தது. ஆழத்தில் தொடங்கி, சீழ்க்கையாக ஏறி, இருமல் போல முடியும் ஒரு குரல். இவ்வளவு பெரிய உடம்பிலிருந்து புல்லாங்குழல் போன்ற ஓசை வருமென்று நான் எதிர்பார்க்கவில்லை.

கால் மணித்தியாலத்தில் அது வந்தது. முதலில் கொம்பு, பிறகு கழுத்து. இருபத்தைந்து மீற்றர் இருக்கும். மச்சானின் உதடுகள் அசைந்தன. "பிஸ்மில்லாஹ்." நாண் அதிர்ந்தது. அம்பு கிளம்பிய அதே கணத்தில் மிருகம் ஓர் அடி முன்னால் வைத்தது.

அம்பு ஊடுருவி அப்பால் மண்ணில் குத்தி நின்றது. மச்சான் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, வாசிப்பது போலப் பார்த்தார். நுரையீரலில் பட்டிருந்தால் இரத்தம் வெளிர் சிவப்பாக நுரைத்திருக்கும். இது கறுத்திருந்தது.

"ஈரல்ல பட்டிரிக்கி. இப்ப போகப்படாது மச்சான். நாலஞ்சு மணித்தியாலம் விடணும். அது கிட்டத்தான் எங்கயாவது படுக்கும். படுத்த இடத்திலயே மௌத்தாகிரும்."

நான் வானத்தைப் பார்த்தேன். மேற்கே கடலிலிருந்து முகில் ஏறிக்கொண்டிருந்தது. "மழ வந்தா இரத்தமெல்லாம் கழுவுப்பட்டிரும். பிறகு எதைப் பார்த்துத் தேடுற? வெளிச்சம் இரிக்கக்குள்ள போவம்" என்றேன்.

அவர் மறுத்தார். நான் மீண்டும் சொன்னேன். என் பேச்சில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அந்த நியாயத்துக்குள் என் அவசரம் ஒளிந்திருந்தது என்பது எனக்கு அப்போதே தெரியும். மனைவியின் மூத்த சகோதரன் மூன்றாம் முறை சொன்னதை மறுக்க அவருக்கு மனம் வரவில்லை. நாற்பது நிமிடம் கழித்து எழுந்தோம்.

எண்பது மீற்றர் போயிருப்போம். கண்ணுக்கு முன்னால் பன்னம் வெடித்தது போல விலகியது. படுத்திருந்த எல்க் எழுந்து, கிளைகள் முறிய, பள்ளத்தை நோக்கிப் பாய்ந்தது. சத்தம் கீழே கீழே போய் அடங்கிற்று. அது படுத்திருந்த இடத்தில் நெரிந்த பன்னமும் ஓர் உள்ளங்கையளவு இரத்தமும் மீந்திருந்தன. மச்சான் ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்க்கவுமில்லை.

அன்றிரவு மழை தூறலோடு நின்றுவிட்டது. நான் பயமுறுத்திய மழை வரவேயில்லை.

சுபஹ் தொழுதுவிட்டு மறுபடி இறங்கினோம். இலையிலிருந்து இலைக்கு, துளியிலிருந்து துளிக்கு, சில இடங்களில் கைகளால் ஊன்றித் தவழ்ந்து தேடினோம். இரண்டரை மணித்தியாலத்தின் பின் பள்ளத்தின் அடியில் ஓடைச் சத்தம் கேட்டது. எல்க் ஓடைக்குள் கிடந்தது. பின்னுடம்பு கரையில். தலை முழுதும் தண்ணீருக்குள். கொம்பு மட்டும் வெளியே தெரிந்தது.

குளிர்ந்த தண்ணீர் அதைக் கெடாமல் வைத்திருந்தது. அந்தத் தண்ணீர்தான் எங்களைத் தடுத்தும் நிறுத்தியது. அம்பெய்த பிராணி மறைந்து, ஒரு நாள் கழித்துக் கிடைத்தாலும், உன் அம்பின் தடயம் தவிர வேறொன்றும் அதில் இல்லையென்றால் உண்ணலாம். தண்ணீரில் மூழ்கிக் கிடந்தால் உண்ணாதே, கொன்றது தண்ணீரா அம்பா என்பதை நீ அறியமாட்டாய். அதீக்கு நபிகளார் (ஸல்) கற்றுக்கொடுத்ததன் சாரம் இதுதான்.

நான் வாதாடினேன். மரண காயம் முன்னமே பட்டுவிட்டால், பிறகு தண்ணீரில் விழுவதால் பழுதில்லையென்று இமாம்கள் எழுதியிருப்பதை எடுத்துச் சொன்னேன். மச்சான் பொறுமையாகக் கேட்டார்.

"அந்தக் காயத்தோட அது எழும்பி ஓடினத நீங்களும் நானும் கண்ணால கண்டமே. அவ்வளவு உயிர் அதில இருந்திச்சி. கடைசியா அதக் கொன்றது எது எண்டு எனக்குத் தெரியா. தெரியாதத என்ட புள்ளைகளுக்குக் குடுக்க ஏலா."

அப்படியானால் விட்டுவிட்டுப் போவோமா என்றேன். அதுவும் முடியாது. வேட்டையாடிய இறைச்சியை வீணாக விடுவது ஒரிகனில் குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் அவர் விட்டிருக்கமாட்டார். கத்தியை எடுத்து உரிக்கத் தொடங்கினார். எலும்பு நீக்கிய இறைச்சி மட்டும் இருநூறு இறாத்தலுக்கு மேல். முதுகுப் பொதிகளில் அடைத்து, முதல் நாள் நான் அவசரப்பட்டு இறங்கிய அதே சரிவில், நான்கு முறை ஏறி இறங்கினோம். நமக்கென்று ஒரு துண்டுகூட இல்லாத சுமை அது. மூன்றாவது ஏற்றத்தில் என் கால்கள் நடுங்கின. உட்காரலாமா என்று கேட்க வெட்கமாக இருந்தது.

பக்கத்து வீட்டில் மரம் வெட்டும் தொழிலில் வாழ்நாளைக் கழித்த வயோதிபர் ஒருவர் இருந்தார். அவரிடம் விடயத்தை மறைக்காமல் சொல்லி, யார் கொடுத்தது, எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டு இறைச்சியை ஒப்படைத்தார் மச்சான். முதியவர் கதையைக் கேட்டுவிட்டு ஒரேயொரு கேள்விதான் கேட்டார்: "எவ்வளவு நேரம் பொறுத்தீர்கள்?"

மச்சான் பதில் சொல்லுமுன் நான் சொன்னேன். "நாற்பது நிமிடம். அவரல்ல, நான்தான் அவசரப்படுத்தினேன்." முதியவர் தலையை மெதுவாக ஆட்டிக்கொண்டார்.

வீட்டில் தங்கச்சி ஆழ்குளிர்பெட்டியைக் கழுவித் துடைத்து, திறந்து காயவைத்திருந்தாள். அன்றிரவு பருப்பும் சோறும் தின்றோம். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் பருப்பு இலகுவாக இறங்கியிருக்கும்.

ஹலால் என்பதைக் கத்தியோடும் பிஸ்மியோடும் முடிந்துவிடும் காரியமாகவே நான் அதுவரை எண்ணியிருந்தேன். மச்சான் பிஸ்மி சொன்னார். அம்பும் கூர்மையானதுதான். எல்லாம் சரியாக நடந்த பிறகும், பொறுக்க வேண்டிய நேரத்தில் பொறுக்காத ஒருவனால் அந்த இறைச்சி சந்தேகத்துக்குள் விழுந்துவிட்டது. அந்த மிருகத்துக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். படுத்த இடத்தில் அமைதியாகப் போயிருக்க வேண்டிய உயிரை எழுப்பி ஓட வைத்தவன் நான்.

அடுத்த வருடம் செப்டெம்பரில் மச்சான் தொலைபேசி எடுத்தார். இம்முறை கிடைத்துவிட்டதாம். படுத்த இடத்திலேயே கிடந்ததாம்.

"எவ்வளவு நேரம் பொறுத்தயள்?" என்று கேட்டேன்.

"அஞ்சு மணித்தியாலம் மச்சான். தனிய இருந்தன். அதால லேசா இருந்திச்சி."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அது எனக்கு உறைத்தது.