பொலிவியாவுக்கு மூட்டை தூக்கிய அக்காவும் அத்தானும்

பேக்பேக்கிங் என்றால் என்ன என்று எங்க பெரியம்மாவுக்கு விளக்கவே ஒரு வாரம் ஆனது. "கை நிறைய சம்பாதிக்கிற ரெண்டு பேரும் முதுகுல மூட்டையைத் தூக்கிக்கிட்டு, பத்துப் பேர் படுக்கிற ரூம்ல படுத்து, பஸ்ல ஊர் ஊரா அலையப் போறீங்களாக்கும்? அதுக்கு திருச்செந்தூருக்கு நடந்து போனா புண்ணியமாவது கிடைக்கும்லா!" நியாயமான கேள்விதான் :-)

போனது பெரியம்மா மகளும் அத்தானும். போன நாடு பொலிவியா, 2024 செப்டம்பரில், மொத்தம் 22 நாட்கள். நான் போகவில்லை (பி.காம். படிக்கிற பையனுக்கு யார் டிக்கெட் எடுத்துக் கொடுப்பார்கள்?). தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது இரண்டு பேரிடமும் தனித்தனியாகக் கதை கேட்டேன். ஏன் தனித்தனியாக என்பது பின்னால் வருகிறது.

போக நினைப்பவர்களுக்கு முதலில் ஒரு தகவல். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம் போட வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் திரும்பி வந்தால் நம்ம ஊர் விமான நிலையத்திலேயே பிடித்து 6 நாள் வரை தனியாக வைத்துவிடுவார்கள்.

லா பாஸ் நகரத்துக்கான விமான நிலையம் எல் ஆல்ட்டோவில், 4,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஊட்டியே 2,240 மீட்டர்தான் என்று நினைத்துப் பாருங்கள். இறங்கிய அன்று அக்காவுக்கு மண்டை பிளக்கிற தலைவலி, படி ஏறினால் மூச்சு வாங்கல். மருந்து, கோக்கா இலை போட்ட டீ. அந்த ஊர்க்காரர்கள் அந்த இலையை நம்மூரில் வெற்றிலை போடுகிற மாதிரி கன்னத்தில் அடக்கிக்கொண்டே வேலை பார்க்கிறார்கள். அங்கே அது சட்டப்படி சரி. ஞாபகார்த்தமாக நாலு இலையை இங்கே கொண்டுவந்தால் கம்பி எண்ண வேண்டியதுதான்.

ஊருக்குள் போய்வர 2014-இல் தொடங்கிய கேபிள் கார் இருக்கிறது. மொத்தம் 10 தடங்கள். சுற்றுலாவுக்காக இல்லை, ஆபீஸ் போகிறவர்களும் காய்கறி மூட்டையோடு வருகிற பாட்டிகளும் அதில்தான் போகிறார்கள். சிட்டி பஸ் மாதிரி, ஆனால் ஆகாயத்தில்.

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன். பொலிவியா அரசு 2011 முதல் ஒரு டாலருக்கு 6.96 பொலிவியானோ என்று விலையைக் கட்டி வைத்திருந்தது. இயற்கை எரிவாயு ஏற்றுமதியில் வந்த டாலர் குறையக் குறைய, 2023-இல் வங்கிகளில் டாலரே கிடைக்காமல் போனது. இவர்கள் போன சமயம் தெருவில் டாலர் மாற்றினால் பத்துக்கும் மேல் கிடைத்ததாம். அக்காவுக்கு ஒரே குஷி, தங்குவது, சாப்பாடு எல்லாம் பாதி விலையில் கிடைத்த மாதிரி. ஆனால் டாலர் இல்லாததால் டீசல் இறக்குமதி தடுமாறி, பெட்ரோல் பங்குகளில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. அதைப் பார்த்து அத்தான் சொன்னாராம், "நமக்கு லாபமா வந்தது யாரோ ஒருத்தர் பையில இருந்துதான் வந்திருக்கும்."

உயுனி உப்புப் பாலைவனம் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. 10,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் ஒரே வெள்ளை. எல்லோரும் எடுக்கிற போட்டோவை இவர்களும் எடுத்தார்கள். அக்கா உள்ளங்கையில் அத்தான் நிற்கிற மாதிரி ஒன்று, பெரியம்மா வீட்டு டிவி மேல் இருக்கிறது.

அங்கிருந்து போட்டோசி. நான் எழுத உட்கார்ந்ததே இந்த ஊருக்காகத்தான்.

ஊருக்குப் பின்னால் கூம்பு மாதிரி நிற்கும் மலையின் பெயர் செர்ரோ ரிக்கோ, அதாவது பணக்கார மலை. 1545-இல் இதில் வெள்ளி கண்டுபிடித்தார்கள். 17-ஆம் நூற்றாண்டில் இந்த ஊரில் ஒரு லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். இங்கே அச்சடித்த எட்டு ரியால் நாணயம் உலகம் பூராவும் செல்லுபடியானது. ஐரோப்பியர்கள் நம்ம துணிக்கும் மிளகுக்கும் கொடுக்கக் கப்பலில் கொண்டுவந்ததில் பெரும்பங்கு அமெரிக்கக் கண்டத்து வெள்ளி. முகலாயர் காலத்து ரூபாய்க்குள்ளும் அது போனது. இந்த வெள்ளியை வெட்டியது யார்? 1570-களில் ஸ்பானிய ஆட்சி, சுற்றுவட்டாரப் பூர்வகுடி ஆண்களில் ஏழில் ஒருவரை முறைவைத்துக் கட்டாய வேலைக்கு இழுத்தது. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அது நடந்தது.

மலையில் இன்றும் வேலை நடக்கிறது. 1985-இல் தகரத்தின் விலை விழுந்து, அரசுச் சுரங்க நிறுவனம் ஆயிரக்கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்பியது. அதன்பின் பலர் கூட்டுறவுக் குழுக்களாக வெட்டுகிறார்கள். பெரும்பாலும் மாதச் சம்பளம் கிடையாது, கிடைத்த தாதுக்குத்தான் காசு. தூசி நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸ் நோய் பலரைச் சீக்கிரம் கொண்டுபோகிறது.

இதற்குள் சுற்றுலாப் பயணிகளைக் கூட்டிப் போகிறார்கள். போகும் வழியில் சந்தையில் கோக்கா இலை, குளிர்பானம், டைனமைட் குச்சிகூட வாங்கித் தொழிலாளிகளுக்குக் கொடுக்கலாம்.

அக்கா போயே ஆக வேண்டும் என்றாள். அத்தான் வர மாட்டேன் என்றார். "இவ்வளவு தூரம் வந்து ஹாஸ்டல்ல உட்காரவா?" என்று அக்கா கத்த, அந்தப் பத்துப் படுக்கை அறையில் தமிழ் தெரியாதவர்களுக்கும் விஷயம் புரிந்துவிட்டது. கடைசியில் அக்கா தனியாகப் போனாள். குனிந்தே நடக்கிற பாதை, தூசி, உள்ளே கொம்பு வைத்த 'எல் தியோ' சிலை. அதற்கு சிகரெட்டும் சாராயமும் படைக்கிறார்கள். "நம்ம சுடலைமாடனுக்குச் சுருட்டு வைக்கிற மாதிரியே இருந்துச்சுடா" என்றாள்.

மறுநாள் சுக்ரே போகும் பஸ். மூன்று மணி நேரப் பயணம், பாதி வழி வரை பேச்சில்லை. அதன்பிறகு அத்தான் வாயைத் திறந்தாராம். அவர் அப்பா கல்குவாரியில் கிரஷர் வேலை பார்த்தவர். டி.பி. என்று சொல்லி வருஷக்கணக்கில் மருந்து கொடுத்தார்கள், இருமல் நிற்கவில்லை. அத்தான் காலேஜ் படிக்கும்போது போய்விட்டார். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் "அப்பாவுக்கு உடம்பு சரியில்லாம இருந்தது" என்பதற்கு மேல் அக்காவுக்கு ஒன்றும் தெரியாது.

என்னிடம் அத்தான் ஒன்றுதான் சொன்னார். "எங்க அப்பா இருமுறதைக் காசு கொடுத்துப் பாக்க நாலு பேர் வந்திருந்தா, நான் கல்லெடுத்து எறிஞ்சிருப்பேன்."

அக்காவைக் கேட்டால், "எங்களைக் கூட்டிட்டுப் போனவரே பழைய சுரங்கத் தொழிலாளிதான். எங்க காசுலதான் அவர் அந்தத் தூசியில இருந்து வெளிய வந்திருக்காரு. யாருமே பாக்கலைன்னா யாருக்கு நல்லது?" என்கிறாள்.

இரண்டுமே சரியாகத்தான் படுகிறது. பொருளாதாரமாகப் பார்த்தால் அக்கா பக்கம் வலு அதிகம். ஆனால் நான் போயிருந்தால் அத்தானோடு வெளியில்தான் நின்றிருப்பேன். வரவு செலவில் ஏறாத விஷயம் ஒன்று அங்கே இருக்கிறது. அதே சமயம், அக்கா பிடிவாதம் பிடித்து உள்ளே போகாமல் இருந்திருந்தால் அத்தான் இன்னும் பத்து வருஷம் வாய் திறந்திருக்க மாட்டார்.

சுக்ரேயில் இரண்டு நாள்தான் திட்டம். ஐந்து நாள் தங்கினார்களாம். "அங்க என்ன பார்த்தீங்க?" என்று கேட்டேன். "ஒண்ணும் பெருசா பாக்கலை, பேசிக்கிட்டே இருந்தோம்" என்றாள் அக்கா.

நீங்களாக இருந்தால் உள்ளே போயிருப்பீர்களா?