சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் ஜிஎஸ்டி சாலையிலிருந்து சிங்கப்பெருமாள் கோயிலில் பிரியும் மாநில நெடுஞ்சாலை, ஒரகடம் வழியாகச் சுமார் 25 கிலோமீட்டர் ஓடி ஸ்ரீபெரும்புதூரில் பெங்களூரு நெடுஞ்சாலையைத் தொடுகிறது. கண்டெய்னர் லாரிகளும் ஷிப்ட் பேருந்துகளும் ஓயாத இந்தச் சாலையின் இரு முனைகளிலும் இருப்பவை பழைய வைணவத் தலங்கள்.

தெற்கு முனையில் பாடலாத்ரி நரசிம்மர் கோயில், பல்லவர் காலக் குடைவரை. மூலவர் குன்றோடு ஒட்டியிருப்பதால் அவரை வலம்வர விரும்புபவர் குன்றையே சுற்றி வர வேண்டும். நரசிம்மருக்கு நெற்றியில் மூன்றாவது கண் உண்டு. அர்ச்சகர் நாமத்தை விலக்கித் தீபத்தை உயர்த்தும் நேரத்தில்தான் அது தெரியும்.

அடுத்து ஆப்பூர் மலை. உச்சியில் பெருமாள் கோயில். அதைத் தாண்டினால் ஏரிகள். பழைய செங்கல்பட்டு மாவட்டம் ஏரி மாவட்டம் என்றே பெயர் பெற்றது. ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே மிகைநீர் அடுத்த ஏரிக்குப் போகும். இப்படிக் கோத்த சங்கிலிகள் பல, கடைசியில் செம்பரம்பாக்கத்தையோ அடையாற்றையோ சேரும். கரைக்குக் கீழே வயலும் ஊரும், மேலே நீர்ப்பிடிப்பான மேட்டு நிலம் என்பதே பழைய ஏற்பாடு. இன்று ஆலைகள் நிறைந்த இந்த வழித்தடத்தைப் புரிந்துகொள்ள அவற்றின் பட்டியலைவிட இந்த ஏற்பாடே உதவும். மழை பெய்தால் ஆலைக் கூரையில் விழும் நீருக்கும் போக வேண்டிய வழி அதே பழைய வாய்க்கால்தான்.

வண்டலூர்–வாலாஜாபாத் சாலை குறுக்கிடும் ஒரகடம்தான் வழித்தடத்தின் நடு. சிப்காட் நிலத்தில் ரெனோ–நிசான் கார் ஆலை 2010இலும், பாரத்பென்ஸ் லாரிகள் செய்யும் டைம்லர் ஆலை 2012இலும், ராயல் என்ஃபீல்டு ஆலை 2013இலும் இயங்கத் தொடங்கின. அப்போலோ டயர்ஸ் ஆலையும் இங்கேயே. பக்கத்து வடக்குப்பட்டில் இந்தியத் தொல்லியல் துறை 2022இல் அகழ்ந்தபோது கற்காலக் கருவிகளோடு ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகளும் கிடைத்தன. வெளிநாட்டுச் சரக்கு இந்தப் பக்கம் வருவது இன்று நேற்றுத் தொடங்கியதல்ல.

வழியில் வல்லக்கோட்டை முருகன் கோயிலில் மூலவர் ஏழடி உயரம். அருணகிரிநாதர் பாடிய தலம். பிறகு வல்லம் வடகால் சிப்காட்டைக் கடந்தால் ஸ்ரீபெரும்புதூர்.

ராமானுஜர் 1017இல் பிறந்த ஊர் இது. ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் உள்ள அவருடைய திருமேனியைத் ‘தானுகந்த திருமேனி’ என்பார்கள்; அவர் வாழ்ந்த காலத்திலேயே செய்து, அவரே தழுவி உகந்தது என்பது ஐதிகம். சித்திரைத் திருவாதிரைதான் பெரிய விழா. ஆயிரமாவது ஆண்டு 2017இல் கொண்டாடப்பட்டது. இதே ஊரில் ராஜீவ் காந்தி 1991 மே 21 அன்று கொல்லப்பட்ட இடத்தில் ஏழு தூண்கள் நிற்கும் நினைவகத்தை 2003இல் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் திறந்துவைத்தார்.

நெடுஞ்சாலையில் சென்னைப் பக்கம் திரும்பினால் இருங்காட்டுக்கோட்டை. ஹூண்டாய் 1998இல் சான்ட்ரோவை வெளியிட்டது இங்கிருந்துதான். கார், பைக் பந்தயத் தடமும் இங்கே உண்டு.

இருங்காட்டுக்கோட்டையைத் தாண்டிச் செம்பரம்பாக்கம். ஏரியின் முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. சென்னைக்குக் குடிநீர் தருவது இது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் இதன் மதகுகளிலிருந்து திறந்த நீர் அடையாற்றில் இறங்கியது.