லாவெண்டர் கோபுரமும் லிடோ தியேட்டரும்

போக்கிமான் ஃபயர் ரெட் ஆட்டத்தில் எனக்குப் பிடித்த வசதி ஒன்று உண்டு. சேமித்து வைத்துவிட்டுப் போய், திரும்ப வந்து தொடரும்போது, கடைசியாக நாம் செய்த சில காரியங்களை அதுவே ஓட்டிக் காட்டும். இன்ன ஊருக்கு வந்தாய், இன்னாரை ஜெயித்தாய், இன்ன பிராணியைப் பிடித்தாய் என்று ஒவ்வொன்றாக வரும். அந்தக் காட்சிகளுக்கு மட்டும் நிறம் இருக்காது, சாம்பலாக ஓடும். முடிந்ததும் நிறம் வந்து ஆட்டம் தொடங்கும். சின்ன வயதில் இதைப் பார்க்கப் பொறுமை இல்லாமல் பட்டனை அமுக்கித் தாண்டிவிடுவேன். இப்போது கைபேசியில் மறுபடி ஆடும்போது ஒருமுறைகூடத் தாண்டுவதில்லை.

ஆட்டம் வந்தது 2004இல். நிண்டெண்டோவின் கேம்பாய் அட்வான்ஸ் என்ற கைக்கருவிக்காகச் செய்தது. அந்தக் கருவியை நான் கையால் தொட்டதுகூட இல்லை. பெங்களூர் அல்சூர் ஜோகுபாளையாவில், வாடகை வீட்டின் நடு அறையில் இருந்த கம்ப்யூட்டரில்தான் ஆடினேன். தலைமாட்டில் பாட்டி படுத்திருப்பாள். ஆட்டத்தின் பையனுக்கோ மாடியில் தனி அறை. கீழே இறங்கி வந்தால் அம்மா மேசையருகே உட்கார்ந்திருப்பாள். பையன்கள் என்றால் ஒருநாள் வீட்டைவிட்டுக் கிளம்பத்தானே வேண்டும், டிவியிலேயே சொன்னார்கள் என்கிற மாதிரி ஏதோ சொல்லி, மறுபேச்சு இல்லாமல் அனுப்பிவைப்பாள். என் அம்மா பால் வாங்க அனுப்பும்போதே, "ரோடு தாண்டாத, பஸ்ஸுங்க வரும், பார்த்துப் போ கண்ணு" என்று வாசல்வரை வருபவள். வீடு பின்னாலேயே வராத ஒரு பயணம் என்பதே அப்போது எனக்கு அதிசயமாக இருந்தது.

போக்கிமான் எங்களுக்கு முதலில் ஆட்டமாக வரவில்லை. 2003இல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் வந்தது. எங்கள் வீட்டு கேபிளில் இந்தியில் ஓடும். தமிழ் பேசும் வீட்டில், கன்னடம் பேசும் தெருவில், ஆங்கிலப் பள்ளியில் படித்த எங்களுக்கு இந்தி கற்றுக்கொடுத்ததே பிகாச்சுதான். பிறகு சிப்ஸ் பாக்கெட்டுக்குள் டாசோ வில்லைகள் வந்தன. தின்பண்டத்தைக் கூட இருந்தவனுக்குக் கொடுத்துவிட்டு வில்லையை மட்டும் எடுத்துக்கொண்ட பையன்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். ஆட்டம் வந்தது அதற்கும் பிறகு, எஸ்.பி. ரோட்டிலிருந்து. சதர் பத்ரப்பா ரோடு என்று முழுப் பெயர் சொல்லி யாரும் கேட்டதில்லை. கம்ப்யூட்டர் உதிரிப் பாகங்களுக்காக ஊரே போகும் அந்தத் தெருவில், எழுதிக் கொடுத்த சிடி ஒன்றை எதிர்வீட்டு அண்ணன் வாங்கி வந்தார். அதில் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள். இது மட்டும் 1636 என்ற எண்ணோடும், வால் மாதிரி ஒட்டிய 'ஸ்குரில்ஸ்' என்ற சொல்லோடும் இருந்தது. நகலெடுத்துப் பரப்பிய கும்பலின் பெயர் அது என்பதெல்லாம் பின்னால் தெரிந்தது. திருட்டு நகல் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. நிண்டெண்டோவுக்கு இந்த ஊரில் கடையே கிடையாது, காசு கொடுக்க நினைத்தாலும் யாரிடம் கொடுப்பது?

கம்ப்யூட்டரைக் கைக்கருவி மாதிரி நடிக்கவைக்கும் எமுலேட்டருக்கு ஒரு கிறுக்கு உண்டு. சேமிப்பு நினைவகத்தின் அளவை 128கே என்று மாற்றி வைக்காவிட்டால், '1எம் சப் சர்க்யூட் போர்டு' பொருத்தப்படவில்லை என்று ஆட்டம் முதலிலேயே சொல்லிவிடும். ஆடலாம், சேமிக்க முடியாது. அந்த போர்டு எங்கே கிடைக்கும் என்று தெருப் பையன்கள் தீவிரமாக விசாரித்தோம். எஸ்.பி. ரோட்டில் கேட்டுப் பார்க்கச் சொல்லி ஒரு மாமாவிடம் சொல்லியும் அனுப்பினோம். ஒரு மெனுவில் ஒரு டிக் போட்டால் தீர்கிற விஷயம் என்று எதிர்வீட்டு அண்ணன் காட்டியபோது அவர் எங்களுக்கு எஞ்சினியர் ஆனார். ஆமாம், பிற்பாடு நிஜமாகவே எஞ்சினியர்தான். இந்த ஊரில் வேறு என்ன ஆவார்?

நான் எடுத்தது சார்மண்டர், வாலில் தீ எரியும் பல்லி. அதை எடுத்தவர்களுக்கு முதல் ஜிம்மே கண்டம். அங்கே எதிர்ப்படும் பிராக் வைத்திருப்பவை கல் வகை, தீ அவற்றிடம் எடுபடாது. காட்டில் அலைந்து, பூச்சிகளோடு சண்டை போட்டு 13ஆம் நிலைக்கு ஏற்றினால் 'மெட்டல் கிளா' என்ற அடி கிடைக்கும், அதன் பிறகு அவனுடைய ஓனிக்ஸை உடைக்கலாம். ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்தால் எமுலேட்டரில் எல்லாமே வேகமாக ஓடும். எங்கள் வீட்டு கீபோர்டில் முதலில் எழுத்து தேய்ந்தது எக்ஸ், இசட். முதலில் உடைந்தது ஸ்பேஸ் பார்.

மவுண்ட் மூன் அடிவாரத்தில் ஒருவன் மேஜிகார்ப் மீனை 500க்கு விற்பான். துள்ளுவதைத் தவிர அதற்கு ஒன்றும் தெரியாது. நான் அதற்கு 'கெண்டை' என்று பெயர் வைத்தேன், ஆங்கில எழுத்தில்தான். 20ஆம் நிலையில் அது கியாரடாஸ் என்ற ராட்சதப் பாம்பாக மாறும். மாறிய அன்று கத்திவிட்டேன். பாட்டி எழுந்து வந்து பார்த்தாள். "ஏன்டா, இந்தப் பூச்சி, மீனு, எலியெல்லாம் புடிச்சு என்னடா பண்ணப் போற?" எல்லாவற்றையும் பிடிக்க வேண்டும் என்றேன். "புடிச்சு?" என்றாள். அந்தக் கேள்விக்கு ஆட்டத்திலும் பதில் கிடையாது. எல்லாவற்றையும் பிடித்தால் ஒரு சான்றிதழ் தருவார்கள், அவ்வளவே.

எங்கள் மாடி வீட்டுப் பையன் கன்னடக்காரன். அவனுடைய மாமா வெளிநாட்டிலிருந்து கேம்பாய் கலரும் போக்கிமான் சில்வர் கார்ட்ரிட்ஜும் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அது என் ஃபயர் ரெட் நடக்கும் கான்டோ பிரதேசத்தை மூன்று வருடம் கழித்துக் காட்டும் ஆட்டம். "ஏ மச்சா, உன் ஊரு எப்படி ஆயிடுச்சு பாரு" என்று படிக்கட்டில் உட்காரவைத்துக் காட்டினான். சின்னபார் தீவு எரிமலையில் போய்விட்டது, மிச்சம் கொஞ்சம் பாறை. நான் சார்மண்டரை வளர்த்த விரிடியன் காடு ஒரு சாலையோர மரக்கூட்டமாகச் சுருங்கிவிட்டது. சஃபாரி மூடப்பட்டுவிட்டது. லாவெண்டர் ஊரில் இறந்த போக்கிமான்களுக்கான கல்லறைக் கோபுரம் இருக்கும். கொல்லப்பட்ட தாய் மரோவாக்கின் ஆவி மாடிப்படியை மறித்து நிற்கும் இடம் அது. அந்தக் கோபுரத்தை ரேடியோ நிலையமாக்கிவிட்டார்கள். செத்தவை எல்லாவற்றுக்கும் ஊரில் ஒரு சின்ன வீட்டை ஒதுக்கியிருந்தார்கள்.

எனக்கு அழுகை வந்தது. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. அவன் அதைப் பார்த்துவிட்டுக் கேம்பாயை அணைத்து வைத்தான்.

இந்த ஆட்டத்தை யோசித்த சதோஷி தாஜிரியைப் பற்றி நான் படித்தது வெகு காலத்துக்குப் பிறகு. தோக்கியோவின் மேற்கே மச்சிடாவில் வளர்ந்தவர். பூச்சி பிடித்துச் சேர்ப்பதில் வெறி, கூட விளையாடிய பிள்ளைகள் பூச்சி டாக்டர் என்று கூப்பிட்டார்களாம். நகரம் பரவி வந்து வயலையும் குட்டையையும் தின்றது. மீன் பிடித்த குட்டை இருந்த இடத்தில் வீடியோ கேம் கூடம் வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அந்தக் கூடத்திலேயே போய் ஆடக் கற்று, 1983இல் கேம் ஃப்ரீக் என்று கையால் எழுதிய பத்திரிகை நடத்தி, 1989இல் அதையே நிறுவனமாக்கினார். கேம்பாய்கள் இரண்டை இணைக்கும் கம்பியைப் பார்த்தபோது அதன்மேல் பூச்சி ஒன்று ஊர்ந்து போவதாக அவருக்குத் தோன்றியிருக்கிறது. அதிலிருந்து ஆறு வருடம் பாடுபட்டு 1996 பிப்ரவரியில் வெளியிட்டதுதான் 151 பிராணிகள் கொண்ட முதல் போக்கிமான். நகரத்துப் பிள்ளைகளுக்கு இனி பூச்சி கிடைக்காது, கம்பி வழியாகவாவது கிடைக்கட்டும் என்று செய்த ஆட்டம். ஃபயர் ரெட் அந்த முதல் ஆட்டத்தின் மறுபதிப்பு. இடிபடுவதற்கு முந்தைய கான்டோவுக்கே அது திரும்பிப் போகிறது. அன்று படிக்கட்டில் எனக்கு இதையெல்லாம் யாராவது சொல்லியிருந்தால் புரிந்திருக்காது.

பெங்களூரில் உட்கார்ந்து இதைப் படிப்பது வேறு மாதிரி. மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு தர்மாம்புதி ஏரியின் படுகை. கண்டீரவா ஸ்டேடியம் சம்பங்கி ஏரி. கரகத் திருவிழாவின் சடங்குக்காக வளாகத்தில் ஒரு சின்னக் குளத்தை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறார்கள், லாவெண்டர் ஊரின் சின்ன வீடு மாதிரி. 1997 தேசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கோரமங்களாவில் கட்டிய கேம்ஸ் வில்லேஜும் ஏரிப் படுகைதான். மெஜஸ்டிக்கில் பஸ் மாறும்போதெல்லாம், "இது ஏரிடா, தெரியுமா? எங்கப்பா சொல்லுவாரு" என்பார் அப்பா. எனக்குப் பஸ் நம்பர்தான் கண்ணில் படும். ஏரியை மூடி எழுந்த ஊரின் பிள்ளைகள், குட்டையை மூடியதால் பிறந்த ஆட்டத்தை, பூச்சி பிடிக்க எங்கே போவது என்று ஒருநாளும் யோசிக்காமல் ஆடியிருக்கிறோம்.

அல்சூர் ஏரி பிழைத்தது என்று சொல்லலாம். 2016 மார்ச்சில் அதில் மீன்கள் கூட்டமாகச் செத்து மிதந்தன. கழிவுநீர் சேர்ந்து தண்ணீரில் பிராணவாயு குறைந்துபோனதே காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த ஏரிக்கரையில்தான் 1991இல் நிறுத்திய திருவள்ளுவர் சிலை 18 வருடம் மூடியே இருந்தது. தினமும் அதைக் கடந்து பள்ளிக்குப் போவோம். ஆட்டத்தில் ரோட்டை மறித்துத் தூங்கும் ஸ்நோர்லாக்ஸை எழுப்ப ஒரு புல்லாங்குழல் வேண்டும். வள்ளுவரின் திரையை விலக்க சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வஞ்ஞருக்கு ஒரு சிலை வேண்டியிருந்தது. 2009 ஆகஸ்ட் 9இல் இங்கே வள்ளுவரைத் திறந்தார்கள், 13இல் அயனாவரத்தில் சர்வஞ்ஞரை. அப்பாவும் பாட்டியும் கூட்டத்தில் நின்று பார்த்தார்கள்.

அதற்குள் தெருவே மாறத் தொடங்கியிருந்தது. கரண்ட் போன நாட்களில் எமுலேட்டரை பென் டிரைவில் போட்டுக்கொண்டு சி.எம்.எச். ரோட்டு பிரௌசிங் சென்டருக்கு ஓடுவேன். "டேய், ஒன் அவர் ஆச்சு, எழுந்திரு" என்று கடை அண்ணன் சொல்லும்வரை கான்டோவில் இருப்பேன். மெட்ரோ தூண்களுக்காக அந்த ரோட்டின் கடைகளை முகப்பு வெட்டி எடுத்தபோது அந்த சென்டரும் போனது. வியாபாரிகள் கொடி பிடித்ததெல்லாம் நினைவிருக்கிறது. 2011 அக்டோபர் 20இல் பையப்பனஹள்ளியிலிருந்து எம்.ஜி. ரோடு வரை ரயில் ஓடியது. முதல் வாரமே ஏறிப் பார்த்தேன். ஜன்னல் வழியாக அல்சூர் பொம்மை ஊர் மாதிரித் தெரிந்தது. ரயிலைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, இன்றும் அதில்தான் வேலைக்குப் போகிறேன். ஆனால் அப்பா படம் பார்க்கக் கூட்டிப்போன லிடோ தியேட்டர் மால் ஆனதை மட்டும் ஜீரணிக்க முடியவில்லை. மாலுக்குள்ளும் சினிமா ஓடுகிறது. அது லிடோ ஆகாது.

என் ஆட்டத்தில் இருந்த கடாப்ராவைப் பற்றிச் சொல்லவில்லையே. அது அலகசாமாக மாற ஒரே வழி, கம்பி வழியாக இன்னொருவருக்குக் கொடுப்பது. தனியாக ஆடுகிறவனுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. தாஜிரி வேண்டுமென்றே அப்படி வைத்தார், பிள்ளைகள் ஒருவரையொருவர் தேடிப் போக வேண்டும் என்று. மாடி வீட்டுப் பையனின் சில்வரும் என் எமுலேட்டரும் பேசிக்கொள்ளாது. என் கடாப்ரா கடாப்ராவாகவே ஆட்டத்தின் நான்கு மாவீரர்களையும் ஜெயித்தது. அவன் குடும்பம் ஹாசன் பக்கம் போய்விட்டது. 2016இல் போக்கிமான் கோ வந்து, அந்த டிசம்பரில் இந்தியாவில் முறையாக வெளியானபோது, கப்பன் பார்க்கில் போனை நீட்டிக்கொண்டு திரிந்தவர்களில் நானும் ஒருவன். அதில் 100 மிட்டாய் சேர்த்தால் அலகசாம் தானாகவே வரும், யாரும் தேவையில்லை. வந்தது. சப்பென்று இருந்தது.

சில்வர் கார்ட்ரிட்ஜில் சேமிப்பைக் காப்பது உள்ளே இருக்கும் ஒரு பொத்தான் பேட்டரி. கடிகாரத்தையும் அதுவே ஓட்டுவதால் சீக்கிரம் தீரும், தீர்ந்தால் எல்லாம் அழிந்துவிடும். அந்த மாடி வீட்டுக் கான்டோ இப்போது எங்கும் இருக்க வாய்ப்பில்லை. ஃபயர் ரெட் அசல் கார்ட்ரிட்ஜில் அந்தத் தொல்லை இல்லை, சேமிப்புக்கு பேட்டரியே தேவைப்படாது. உங்கள் வீட்டுப் பரணில், அண்ணனின் பழைய பெட்டியில் அப்படி ஒன்று கிடந்தால் எடுத்துப் போட்டுப் பாருங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். அதில் ஒரே ஒரு சேமிப்புக்குத்தான் இடம். நியூ கேம் தொடங்கிச் சேமித்தால் பழையவரின் ஆட்டம் போய்விடும். கன்டினியூ அழுத்துங்கள்.