பெயர் எழுதாத நிழற்படம்

சிராங்கூன் சாலையைச் சூழ்ந்து வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல, அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தபோது தட்டுமுட்டுப் பொருள்களைத் துறந்தன, நிழற்படங்களைத் துறக்கவில்லை. அவர்கள் விட்டுச்சென்ற வட்டாரமும் மாறிற்று. 1915இல் எழுந்த பழைய தேக்காச் சந்தை 1982இல் சாலையின் எதிர்ப்புறம் இடம்பெயர்ந்தது. மாட்டு வணிகம் நடந்ததற்குப் பஃபலோ சாலை என்னும் பெயரே இன்று சான்று.

ஆயின், அப்படங்களில் தெருவைக் காண்பது அரிது. படநிலையத்தின் ஓவியத் திரைக்கு முன்னே நாற்காலியில் தந்தை, அருகே பட்டுடுத்திய தாய், காலடியில் பிள்ளைகள். எஞ்சியவை யாவும் பாட்டியின் வாய்மொழியில் வாழ்பவை. "இவர் உன் தாத்தாவின் அண்ணன், நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி வந்தவர்" என்று அவர் சொல்லும்போதுதான் படத்து முகம் உறவாகிறது. அவர் மறைந்தபின், "இவர் யார்?" என்னும் வினாவிற்கு விடையிறுப்பார் இல்லை.

கேம்பல் லேனில் 2015இல் திறக்கப்பெற்ற இந்திய மரபுடைமை நிலையம் போன்றவை படத்தைக் காக்கவல்லன. வீட்டார் சொல்லாத பெயரை அவை எங்ஙனம் அறியும்? ஆதலின், தமிழாசிரியர் மாணவர்க்கு ஒரு பயிற்சி தரலாம். பாட்டியிடம் கேட்டு, படத்தின் பின்புறம் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைப் பென்சிலால் தமிழில் எழுதிவைக்கட்டும். தமிழ் கற்றதன் பயன்களுள் அதுவும் ஒன்று.