பொம்மிடியில் ஒரு காலைப்பொழுது

சேலத்திலிருந்து வடக்கே செல்லும் இரயில் லோக்கூரைக் கடக்கையில் சேர்வராயன் மலை வலப்புறம் நெருங்கி வந்து நம்மோடு கூடவே ஓடுவது போலத் தோன்றும். காடு விலகி, மரவள்ளித் தோட்டங்கள் தென்படத் தொடங்கினால் பொம்மிடி வந்துவிட்டதென்று அறியலாம். தருமபுரி மாவட்டம் பாப்பிரெட்டிப்பட்டி வட்டத்தைச் சேர்ந்த இச்சிற்றூர், நம் கத்தோலிக்க மக்களுக்கு அருகிலுள்ள பி. பள்ளிப்பட்டி லூர்து அன்னை ஆலயத்தால் அறிமுகமானது. பெப்ருவரி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், அவ்வாலயத்தைத் தரிசிக்கும் எண்ணத்துடன் நாம் அங்கு இறங்கினோம்.

நிலையத்துக்கு வெளியே தேநீர்க்கடை. நமக்கு முன்னே நின்றிருந்தவருக்கு நாற்பது வயதிருக்கலாம். வெள்ளை வேட்டி, திருத்தமான சட்டை. "டீயா காபியா, சர்க்கரை முழுசா அரையா?" என்று கடைக்காரர் ஒரே மூச்சில் கேட்டார். மனிதர் பதில் சொல்லாமல் விழித்தார். உதடுகள் அசைந்தன, சொல் வரவில்லை. ஒரு பேருந்து ஒலியெழுப்பிச் சென்றதும், காதைப் பொத்திக்கொண்டு சற்றுத் தள்ளாடினார். "காலையிலேயே ஏத்திட்டான் போல" என்று பின்னால் ஒரு குரல், இரண்டொருவர் சிரித்தனர். நாம் சிரிக்கவில்லை. ஆனால் நமது கைப்பையைச் சற்று அப்பால் நகர்த்தி வைத்துக்கொண்டோம்.

அவருடைய மனைவி விரைந்து வந்தார். "தலையிலே ஆபரேஷன் ஆனவருங்க, மெதுவாக் கேளுங்க" என்றார். உடனே கடைக்காரரின் முகம் மாறிற்று. பெஞ்சில் இடமும் கிடைத்தது.

அவர்களும் பள்ளிப்பட்டிக்கே செல்பவர்கள் என்றறிந்து, ஒரே ஆட்டோவில் சென்றோம். கணவர் கட்டட மேஸ்திரியாக இருந்தவர். மூன்றாண்டுகளுக்கு முன் இருசக்கர வண்டியிலிருந்து விழுந்தார், தலைக்கவசம் இல்லை. கை கால்கள் நலம், முகத்தில் தழும்பில்லை. "அதுதான் சாமி கஷ்டம். கட்டுப் போட்டிருந்தப்ப ஊரே வந்து பார்த்தது. கட்டு அவிழ்த்த நாள்லேருந்து சோம்பேறிங்குது" என்றார் அந்த அம்மாள்.

மருத்துவப் பணிபுரியும் அருட்சகோதரி ஒருவர் இதனைப் பின்னர் நமக்கு விளக்கினார். தலை வேகமாய் மோதும்போது மூளை மண்டையோட்டுக்குள் குலுங்குகிறது. நுண்ணிய நரம்பிழைகள் இழுபட்டு அறுபடுகின்றன. ஸ்கேன் படத்தில் இச்சிதைவு பல வேளைகளில் தெரிவதேயில்லை. ஆயினும் சொல் தாமதப்படும், இரைச்சல் தாங்காது, சிறு வேலையும் களைப்பூட்டும், சினம் சட்டென்று மூளும். 1848-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் இரயில் பாதை வேலையில் மேற்பார்வையாளராயிருந்த பினியாஸ் கேஜ் என்பவரின் தலையை ஓர் இரும்புக் கம்பி துளைத்துச் சென்றது. அவர் உயிர் பிழைத்தார், நடந்தார், பேசினார், ஆனால் நண்பர்களுக்கு அவர் பழைய மனிதராகத் தோன்றவில்லை. நம் நாட்டில் 1949-இல் டாக்டர் ஜேக்கப் சாண்டி வேலூரில் நரம்பியல் அறுவை மருத்துவத்துக்கெனத் தனித்துறை தொடங்கிய பின், பிழைக்கமாட்டார் எனப்பட்ட பலரும் பிழைத்து வீடு திரும்பலாயினர். அவர்கள் திரும்பிய வீட்டையும் தெருவையும் பற்றித்தான் எவரும் போதிய அளவு சிந்திக்கவில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. விபத்தால் நேரும் மூளைக்காயம் அதில் தனிப்பெயர் பெறவில்லை. அதே ஆண்டில் இங்கிலாந்தின் கேட்விக் விமான நிலையத்தில், கண்ணுக்குப் புலப்படாத குறையுடையோர் விரும்பினால் அணிந்துகொள்ளச் சூரியகாந்திப் பூ வரைந்த பச்சைக் கழுத்துப்பட்டை வழங்கத் தொடங்கினர். பொம்மிடித் தேநீர்க்கடையில் அந்தப் பூவை யார் அறிவார்?

ஆலயத்தில் யாத்திரிகர் கூட்டம் பாடிக்கொண்டிருந்தது. மேஸ்திரி உள்ளே வரவில்லை. வெளியே மர நிழலில் அமர்ந்துவிட்டார். "இவ்வளவு தூரம் வந்து உள்ளே வராமலா?" என்று ஒரு பாட்டி அதட்ட, அந்த அம்மாள் மீண்டும் அதே வாக்கியத்தைச் சொன்னார். அன்று காலையில் மட்டும் அது நான்காம் முறை. லூர்து அன்னையின் திருநாளாகிய பெப்ருவரி 11-ஐத்தான் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் உலக நோயாளர் நாளாக ஏற்படுத்தினார். 1993 முதல் நாமும் ஆண்டுதோறும் அதைக் கொண்டாடுகிறோம்.

விடைபெறும் வேளையில் அந்த அம்மாள் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். (பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதன்று, மரத்தடியில் கேட்டது. எழுதிக்கொள்ள இசைவும் தந்தார்.)

"சாமி, இவருக்கு ஆபரேஷன் எதுவும் ஆகலை. மூளையிலே அடின்னு சொன்னா, பைத்தியமான்னு கேட்டுப் பிள்ளைகளைத் தள்ளி நிறுத்தறாங்க. ஆபரேஷன்னு சொன்னா உட்கார இடம் தர்றாங்க. தினமும் பொய் சொல்றேன். பாவந்தானே?"

குருமடத்தில் நாம் பயின்ற அறநெறி நூல்களில் பொய்யைப் பற்றி நீண்ட அதிகாரங்கள் உண்டு. அவற்றுள் ஒரு வரியும் அப்போது வாய்க்கு வரவில்லை. "அம்மா, உங்களை அப்படிச் சொல்ல வைப்பவர்களில் நாமும் ஒருவர். காலையில் கடையில் எமது பையை நகர்த்திக்கொண்டோம்" என்றோம்.

"பார்த்தேன் சாமி" என்றார் அவர்.

பக்கத்திலிருந்த மேஸ்திரி அப்போதுதான் நம்மை நிமிர்ந்து நோக்கி, ஒவ்வொரு சொல்லாய்த் தேடியெடுத்து, "டீ... அரைச் சர்க்கரை... போதும்னு... சொல்ல வந்தேன்" என்றார்.